காஞ்சியின் இரு கரைகள்

ஊர் காணப் புறப்படுவோர்க்கு வழி கூறி விடுப்பது தமிழரின் பழம் பண்பு. வறுமையால் வாடும் பாணன் ஒருவனை, வளம் பெற்று மீளும் மற்றொரு பாணன் கண்டு, இன்ன வழியே செல்க, இன்ன காட்சிகளைக் காண்க, இன்ன தலைவனை அடைக என்று கூறுவதாக அமைந்த பாட்டுக்கு ஆற்றுப்படை என்று பெயர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சி மாநகருக்கு வழி காட்டும் நூலாகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் அதனைப் பாடினார். காஞ்சியிலிருந்து தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனே அப்பாட்டின் தலைவன். புலவர் நம்மை நேரே நகருக்குள் அழைத்துச் செல்வதில்லை. காடும் முல்லை நிலமும் வயலும் கடற்கரைப் பட்டினமும் ஒவ்வொன்றாகக் காட்டி, இறுதியிலேயே நகரைக் காட்டுகின்றார். நகரைத் தாங்கி நிற்பது நாடு. நாட்டைக் காணாதவன் நகரைக் கண்டவன் ஆகான் என்பது அவர் கருத்துப் போலும்.

இன்று காஞ்சி செல்வது எளிது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவு. பேருந்தும் உண்டு, இரயிலும் உண்டு. காலையில் சென்று, இரண்டு மூன்று கோவில்களை வணங்கி, பட்டுக் கடையில் ஒரு புடைவை வாங்கி, மாலையில் வீடு திரும்புவோர் பலர். அவர்கள் கோபுரத்தைக் கண்டனர், புடைவையைக் கண்டனர். ஆனால் அந்நகரைக் காத்து வரும் இரண்டு கரைகளை அவர்கள் கண்டார்கள் என்று சொல்ல இயலாது. ஒன்று பட்டுப் புடைவையின் கரை. மற்றொன்று ஏரியின் கரை. முன்னது காஞ்சிக்குத் தொழில் தந்தது. பின்னது அதனைச் சூழ்ந்த நாட்டுக்குச் சோறு தந்தது. இவ்விரு கரைகளையும் காண்பதற்கு ஒரு நாள் போதாது. இரண்டு நாளேனும் வேண்டும்.

முதல் நாள் நகருக்கு உரியது. வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த காஞ்சி, சிவன் கோவில்கள் மிக்க பெரிய காஞ்சி என்றும், திருமால் கோவில்கள் மிக்க சின்னக் காஞ்சி என்றும் வழங்கும் பகுதிகளை உடையது. ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோவில்கள் உள்ளன. அப்பகுதியைச் சினகாஞ்சி என்பர். மணிமேகலை தன் வாழ்வின் நிறைவில் அறவண அடிகளிடம் அறங்கேட்டது காஞ்சியிலேயே என்று அவள் காப்பியம் கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணியாகிய யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளை இந்நாட்டில் கண்டதாகவும், மக்கள் அஞ்சா நெஞ்சமும் வாய்மையும் உடையவராய்க் கல்வியைப் பெரிதும் போற்றியதாகவும் எழுதிவைத்தார். நாலந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவரே. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடியது இவ்வூர்க் குமரகோட்டத்தில். பேரறிஞர் அண்ணா 1909ஆம் ஆண்டில் பிறந்ததும் இவ்வூரில்தான். அவர் வாழ்ந்த எளிய இல்லம் இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகின்றது.

கோவில்களுள் முதலிற் காணத்தக்கது நகரின் மேற்கு எல்லையில் உள்ள கைலாசநாதர் கோவில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்னும் பல்லவ வேந்தன் இதனைக் கட்டினான். வானளாவிய கோபுரம் இங்கில்லை, ஆரவாரம் இல்லை. மணற்கல்லில் செதுக்கிய சிங்கங்களும் தெய்வ வடிவங்களும் சுவரெங்கும் நிறைந்துள்ளன. திருச்சுற்றின் உட்புறத்தே 58 சிறு கோவில்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுட் சிலவற்றில் பல்லவர் காலத்து ஓவியத்தின் எஞ்சிய வண்ணங்களை இன்றும் காணலாம்.

இக்கோவிலில் கன்னட மொழியில் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. அதனை வெட்டுவித்தவன் பல்லவரின் பகைவனாகிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். எட்டாம் நூற்றாண்டில் அவன் படையெடுத்து வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். வென்றவர் கொள்ளையிடுவதே அக்காலப் போர்முறை. அவனோ இக்கோவிலின் செல்வத்தைக் கண்டும் அதனைக் கவராமல், கோவிலுக்கே திரும்ப அளித்தான். அச்செய்தியைக் கல்லிலும் பொறித்துச் சென்றான். பின்னர் அவன் அரசி பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோவில், காஞ்சிக் கோவிலின் அமைப்பைத் தழுவியே எழுந்தது. பகைவனாக வந்தவன் கண்கொண்டு கண்டு, கவர்ந்து செல்லாமல் கற்றுச் சென்றான். ஊர் காணச் செல்லும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதுவன்றோ?

வைகுந்தப்பெருமாள் கோவில் கல்லில் எழுதிய வரலாற்று நூல் எனத் தகும். அதன் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ மரபின் கதை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. அரசுக்கு வாரிசு இல்லாத காலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேர்ந்து அழைத்துவந்து முடிசூட்டிய நிகழ்ச்சியும் அங்கே உண்டு. அச்சிறுவனே இக்கோவிலைக் கட்டிய நந்திவர்மன். ஏகாம்பரநாதர் கோவிலின் பெருங்கோபுரம் 1509ஆம் ஆண்டில் கிருட்டிணதேவராயர் எடுப்பித்தது. ஏறத்தாழ 190 அடி உயரம் உடையது. வரதராசப் பெருமாள் கோவிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகின்றது. அக்கோவிலின் குளத்துள் வைக்கப்பட்டிருக்கும் அத்திமர வடிவம் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளும். 2019ஆம் ஆண்டில் 48 நாள் நடந்த அவ்விழாவிற்கு நாடெங்குமிருந்து மக்கள் திரண்டனர். மிளகும் சீரகமும் சுக்கும் கலந்து மூங்கிற்குடலையில் அவித்தெடுக்கும் காஞ்சிபுரம் இட்டலியை உண்ணாமல் இவ்வூரை விட்டுச் செல்வோர் சிலரே.

கோவில்களைக் கண்ட பின் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களுக்குச் செல்ல வேண்டும். அங்கே கோபுரம் இல்லை, விழாக்கூட்டம் இல்லை. ஆயினும் வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஓசை தாளம் தவறாமல் கேட்கும். அது தறியின் ஓசை. "காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்" என்பது பழமொழி. அயலூரார் இதனைக் கேட்டு, காஞ்சியில் உழைப்பின்றிக் கால்மேல் கால் போட்டு ஆட்டிக்கொண்டே வாழலாம் என்று பொருள் கொள்வர். தறியைக் கண்டவர்க்கே பழமொழியின் உண்மைப் பொருள் விளங்கும். தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி, விளிம்பில் அமர்ந்து நெய்கின்றார் நெசவாளர். குழிக்குள் இருக்கும் மிதிகளைக் கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன. அதனால் பாவு நூல்கள் மேலும் கீழும் பிரிகின்றன. இடையே நாடா ஓடுகின்றது. கைகள் பலகையை இழுத்து ஊடையை நெருக்கி அடிக்கின்றன. காலை முதல் மாலை வரை ஓயாத அந்தக் கால்களின் உழைப்பையே பழமொழி காலாட்டுதல் என்றது.

பட்டுப்புழு வளர்க்கும் ஊரன்று காஞ்சி. பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகின்றது; சரிகை குசராத்திலுள்ள சூரத்திலிருந்து வருகின்றது. நூலும் சரிகையும் பிற ஊரினவாக, பெயர் மட்டும் காஞ்சியினது ஆனது எவ்வாறு? கைத்திறத்தால் ஆயிற்று. நூலுக்குச் சாயம் ஏற்றுவோர் ஒருவர். தார் சுற்றுவோர் ஒருவர். காலை வெயிலில் பாவை நீட்டிக் கஞ்சி ஏற்றிப் பதப்படுத்துவோர் சிலர். பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாகப் பிணைப்போர் சிலர். இவ்வளவும் முடிந்த பின்னரே நெசவு தொடங்கும். மாங்காயும் மயிற்கண்ணும் அன்னமும் யாளியும் உருத்திராட்சமும் கோபுரமும் புடைவையில் பூக்கும். கோவிற்சுவரில் சிற்பி செதுக்கிய வடிவங்களை நெசவாளர் பட்டில் மீண்டும் படைத்தனர்.

காஞ்சிப் பட்டின் பெருமையெல்லாம் அதன் கரையில் இருக்கின்றது. பிற புடைவைகளில் உடலும் கரையும் ஒரே ஊடையால் நெய்யப்படுவது வழக்கம். காஞ்சியின் கோர்வைப் புடைவையிலோ உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வோர் இழையும் மற்றதனோடு கோத்துப் பிணைக்கப்படுகின்றது. அவ்வாறு பிணைந்த கரை புடைவையை விட்டு எளிதில் பிரியாது. இவ்வேலையை ஒருவர் தனியே செய்தல் அரிது. தறியின் மறுபுறம் அமர்ந்து நாடா தள்ளத் துணையாள் ஒருவர் வேண்டும். இருவர் சேர்ந்து உழைத்தாலும் ஒரு புடைவை முடியப் பத்து நாளும் ஆகும். வேலைப்பாடு மிகுந்தால் இருபது நாளும் ஆகும்.

அந்தத் துணையாள் யார் என்னும் வினாவில் காஞ்சியின் துயரம் ஒன்று மறைந்திருக்கின்றது. முன்னாளில் பல தறிகளில் மறுபுறம் அமர்ந்தவர்கள் சிறுவர்களே. பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் அவர்கள் நாடா தள்ளினர். கல்விக்குப் பெயர்பெற்ற நகரில் அச்சிறுவர்களுக்குக் கல்வி எட்டாக் கனியாயிற்று. பின்னர் அரசும் தொண்டர்களும் முயன்று அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியை உரிமையாக்கியது. இது நன்று, மிக நன்று. ஆனால் சிறுவன் எழுந்து சென்ற இடத்தில் வயது வந்த ஒருவர் அமர வேண்டுமாயின், அவர் குடும்பம் வாழப் போதிய கூலி வேண்டும். அக்கூலி கிட்டாமையால் தறியை விட்டு ஆலை வேலைக்கும் பிற வேலைக்கும் செல்வோர் பெருகினர். படித்த பிள்ளை தறிக்குத் திரும்புவதில்லை. திரும்பு என்று சொல்லும் துணிவு தந்தைக்கும் இல்லை.

இந்நிலையில் விசைத்தறியில் விரைந்து நெய்த துணி, காஞ்சிப் பட்டு என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தது. 1985ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒன்று சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியன என்று ஒதுக்கியது. 2005ஆம் ஆண்டில் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் காவல் செய்யலாம். ஆயினும் வாங்குவோர் அறிவே சிறந்த காவல். புடைவையின் மறுபுறத்தைத் திருப்பிப் பார்த்து, கரை இணைந்த இடத்தைத் தடவிப் பார்த்து, பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் உண்டா என்று கேட்டு வாங்குபவர், ஒரு நெசவாளரின் இருபது நாள் உழைப்பை மதித்தவர் ஆவர். கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் காஞ்சியில் பல உள்ளன. அங்கே கொடுக்கும் விலை நெய்தவர்க்குப் பயன்படும்.

இரண்டாம் நாள் நகரை விட்டு வெளியே செல்ல வேண்டும். காஞ்சிக்குக் கிழக்கே, வாலாசாபாத்துக்கு அருகில் தென்னேரி என்னும் ஊர் உள்ளது. ஊரின் பெயரே ஏரியின் பெயர். திரையன் ஏரி என்னும் பழம் பெயரே தென்னேரி எனத் திரிந்தது என்றும், காஞ்சியை ஆண்ட திரையனின் நினைவைத் தாங்கியது அவ்வேரி என்றும் அறிஞர் கருதுவர். அவ்வாறாயின், பெரும்பாணன் தேடிச் சென்ற தலைவனின் அரண்மனை மறைந்து போயிற்று. அவன் பெயரைத் தாங்கிய நீர்நிலை மட்டும் நின்று நிலவுகின்றது. மாடமாளிகை நிலைப்பதில்லை, பிறர்க்குப் பயன்படுவதே நிலைக்கின்றது.

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த நாட்களில் இவ்வேரிக்கரை மேல் நடப்பது பேரின்பம். ஒருபுறம் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை நீர். மறுபுறம் பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற நெல்வயல். மாலை வெயிலில் கொக்குகள் வரிசையாகப் பறந்து செல்லும். நகரத்து இரைச்சலில் களைத்த மனம் இங்கே இளைப்பாறும். ஆனால் ஏரி தானே அமைந்த இயற்கைக் காட்சியன்று. அது மக்கள் கட்டிய கட்டடம். தொண்டை நாட்டில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இல்லை; பாலாறு பல மாதம் மணலாகவே கிடக்கும். ஆகவே முன்னோர், சரிந்த நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். மதகு வைத்து வயலுக்கு நீர் விடுத்தனர். மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு செய்தனர். இவ்வாறு ஏரியோடு ஏரியைக் கோத்த கோர்வையே தொண்டை நாடு.

கரையைக் கட்டினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையால் ஊர் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த வகையை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கு அதில் இடமில்லை. ஏரிக்கரை உடைந்தால் ஊரே உடையும் என்பதனை அவர்கள் அறிந்திருந்தனர். அதனாலேயே கரையைக் காப்பவர் கைத்தூய்மை உடையவராக இருத்தல் வேண்டும் என்று விதித்தனர்.

உத்திரமேரூரைக் கடந்து தென்கிழக்கே சென்றால் வேடந்தாங்கல் வரும். 2019ஆம் ஆண்டு முதல் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஏரி சிறியது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. ஆயினும் கார்த்திகை முதல் பங்குனி வரை ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கே கூடுகின்றன. நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் நீரிடையே நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதனை ஊரார் முன்பே அறிந்து, அவற்றைக் காத்து வந்தனர். வெள்ளைப் படைவீரர் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் கலெக்டர் இலயோனல் பிளேசு, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்தால் அளித்தார். 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் உலகச் சிறப்புடைய இராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. எழுத்தறியா உழவர் அன்று காத்ததனை உலகம் இன்று போற்றுகின்றது.

எல்லா ஏரிகளும் இவ்வாறு காக்கப்படவில்லை. பல ஏரிகளில் வண்டல் படிந்து மேடாயிற்று, வரத்துக்கால்கள் தூர்ந்தன, நீர்பரப்பில் வீடுகள் எழுந்தன. காஞ்சியின் வேகவதியும் ஆக்கிரமிப்பால் ஒடுங்கியது. 2015ஆம் ஆண்டின் பெருமழையில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி ஊருக்குள் புகுந்தது; 2019ஆம் ஆண்டின் கோடையில் குடிநீருக்குக் குடங்களுடன் மக்கள் வரிசையில் நின்றனர். வெள்ளமும் வறட்சியும் இரண்டு நோய்களல்ல. கரையை மறந்த ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். ஊரார் ஒன்றுகூடி ஏரியைச் செப்பனிடும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அப்பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கியது. எனினும் அரசு மண்வெட்டியைத் தரலாம். இது நம் ஏரி என்னும் எண்ணத்தை ஊரார்தாம் தர வேண்டும். மகிழ்ச்சிக்காக வரும் விருந்தினர்க்கும் கடமை உண்டு. உண்ட இலையையும் நெகிழிப் பையையும் கரையிலே எறிந்து செல்பவர், எத்துணைக் கோவிலை வணங்கினும் காஞ்சியைக் கண்டவர் ஆகார்.

புடைவையின் கரையும் ஏரியின் கரையும் ஒரே சொல்லால் வழங்குவது பொருத்தமே. இரண்டும் தம்மை அடுத்ததனைச் சிதையாமல் காப்பன. இரண்டும் ஒருவர் கையால் ஆவன அல்ல. மறுபுறம் துணையாகப் பிறர் இருந்தால்தான் ஆவன. இரண்டும் நெகிழத் தொடங்கும்போது எவர் கண்ணுக்கும் எளிதில் தோன்றுவதில்லை; அறுந்த பின்னரே இழப்புத் தெரிகின்றது. கோபுரத்தை அண்ணாந்து காண்பது எளிது. குழியில் இயங்கும் காலையும், வயலுக்கு நீர் விடும் மதகையும் காணக் குனிய வேண்டும். குனிந்து காண்போர்க்கே காஞ்சி தன்னை முழுதும் காட்டும். பெரும்பாணன் பரிசில் நாடிக் காஞ்சிக்குச் சென்றான். இன்று செல்வோர், பரிசில் கொடுக்கும் நிலையில் இருக்கின்றனர்: உழைப்புக்கு உரிய விலை ஒன்று, நீர்நிலைக்கு உரிய மதிப்பு மற்றொன்று.